ரயிலில் தூங்கிவிட்டு வீட்டில் விழித்திருப்பவர்களுக்கு

மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில் குடியேறி 19 வருடம் ஆகிறது. வேலை மும்பை ஃபோர்ட் பகுதியில். காலை 7.20 வண்டியில் போய், மாலை ஏழு மணி வாக்கில் வி.டி. (இப்போதைய சி.எஸ்.எம்.டி.) ஸ்டேஷனில் திரும்ப ஏறுவேன். ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்தால் பன்னிரண்டரை வரை புரளுவேன். கண் அசந்தாலும் மூன்று மணிக்கு நெஞ்சு எரிந்து எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நாலு வருடம் இப்படியே போனது. இதே நான் மாலை வண்டியில் தாதர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். தானே ஸ்டேஷனில் கூட்டம் முட்டினாலும் தெரியாது. என் உடம்புக்குத் தூங்கத் தெரியும், இடமும் நேரமும்தான் தப்பு என்று புரிய எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டாம். உங்களுக்கு ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எழுதி மட்டும் வையுங்கள். எங்கள் வீட்டில் ராகு காலம், எமகண்டம் போட்ட தினசரி காலண்டர் உண்டு. கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு புதன்கிழமைத் தாள் இது: ‘காபி 6, 8.45, 11, 3. கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) 6.30. ரயில் தூக்கம் 50 நிமிடம். சாப்பாடு 9.45. படுக்கை 10.50. முழிப்பு 3.10.’ ஏழு தாளையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது.

முதலில் நிறுத்த வேண்டியது மாலை ரயில் தூக்கம். காலையில் கண் விழித்த நிமிடத்திலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத்தான் ராத்திரி தூக்கம் அழுத்தும். ஏழரை மணிக்கு ஐம்பது நிமிடம் தூங்கினால், நாள் முழுக்கச் சேர்த்ததில் ஒரு பங்கை அங்கேயே கரைத்துவிடுகிறோம். பகலில் தூங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று மணிக்கு முன்னால், இருபது நிமிடம் போதும். நான் சீட் கிடைத்தாலும் தாதரிலிருந்து தானே வரை நின்றேன். வாசல் பக்கம் வேண்டாம், உள்ளே தள்ளி கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நாலு நாள் கால் கடுத்தது, கண் சொக்கியது. ஐந்தாம் நாள் ராத்திரி தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும்.

அடுத்தது காபி. ஒருவர் கர்சீப் போட்டுச் சீட் பிடித்துவிட்டால் அடுத்தவர் நின்றுகொண்டுதானே இருக்க வேண்டும்? கஃபீன் செய்வது அதுதான். மூளையில் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் மட்டும் இருக்கிறது. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். மூன்று மணிக் காபியில் பாதி எட்டு மணிக்கும், கால் பங்கு ராத்திரி ஒரு மணிக்கும் உள்ளேயே இருக்கும். அதற்கு மேல் ஆறரை மணி சாயும் சேர்ந்தால் எப்படித் தூக்கம் வரும்?

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், தலைவலி வரும். நான் மாலை சாயை முதலில் விட்டேன். அடுத்த வாரம் மூன்று மணிக் காபியைப் பன்னிரண்டுக்கு நகர்த்தினேன். மாட்டுங்காவில் பொடி அரைக்கும்போது சிக்கரியைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னேன். சிக்கரியில் கஃபீன் கிடையாது. காலைக் காபியை யாரும் விட வேண்டாம், நானும் விடவில்லை.

சாப்பாடுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய சிக்கல். வீட்டுக்கு வரவே எட்டே முக்கால், குளித்து உட்கார ஒன்பதே முக்கால். அகோரப் பசியில் சாம்பார் சாதம், ரசம், மோர் என்று மூன்று சுற்று போய்விடும். திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மா தினமும் கேட்பாள், “சாப்பிட்ட உடனே படுத்தா சோறு எங்கல போவும்?” சரியான கேள்விதான். வயிறு நிறைந்திருக்கும்போது மல்லாந்தால் அமிலம் மேலே ஏறும். மூன்று மணி எரிச்சல் அதுதான்.

இப்போது சாப்பாட்டை இரண்டாக உடைத்துவிட்டோம். மனைவி காலையில் இரண்டு டப்பா கட்டுகிறாள். ஆறு மணிக்கு ஆபீஸிலேயே இரண்டு சப்பாத்தியும் கூட்டும், இல்லையென்றால் ஒரு கிண்ணம் சுண்டல். வீட்டுக்கு வந்ததும் ஒன்பது மணிக்குள் ஒரு கரண்டி தயிர் சாதமோ கேழ்வரகுக் கஞ்சியோ, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் கட்டாயம், மூன்று என்றால் இன்னும் நல்லது. பசியோடும் படுக்காதீர்கள், அதுவும் எழுப்பிவிடும். எரிச்சல் உள்ளவர்கள் இடப்பக்கம் சரிந்து படுங்கள். படுக்கும் முன் வெதுவெதுப்பான பால் மாதிரி ஏதாவது குடிக்கும் பழக்கம் இருந்தால் இருக்கட்டும். பால் தூக்க மருந்து இல்லை, ஆனால் ஒரே நேரத்தில் ஒரே காரியம் செய்வது உடம்புக்கு அடையாளமாகிவிடும். ஜாதிக்காய் போடுகிறவர்கள் சிட்டிகையோடு நிறுத்துங்கள், அளவு மீறினால் விஷம்.

மது குடித்தால் சீக்கிரம் கண் அசரும், பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும். அதை வழியாக நினைக்கவே வேண்டாம்.

காலை வெளிச்சம் வேண்டும். நான் பிளாட்பாரத்தில் கூரை முடிகிற கடைசிக்குப் போய்ப் பத்து நிமிடம் நிற்கிறேன். கண்ணில் படும் அந்த வெளிச்சம்தான் உடம்புக் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. அந்தக் கடிகாரத்தை மரபணுக்கள் எப்படி ஓட்டுகின்றன என்று கண்டறிந்த மூவருக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். ராத்திரி பத்துக்கு மேல் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், போனை ஹாலில் சார்ஜில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழுந்திருங்கள்.

நடுராத்திரி முழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான விளக்கில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள்.

உரக்கக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்கள் என்று வீட்டில் சொன்னால், இதெல்லாம் போதாது, டாக்டரிடம் போங்கள். ராத்திரி கால் குடைந்து அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினாலும் அப்படியே. இரும்புச்சத்துக் குறைவாலும் அது வரும், ரத்தப் பரிசோதனையில் தெரியும். போகும்போது காலண்டர் தாள்களையும் எடுத்துப் போங்கள். நான் போனபோது டாக்டர் கேட்ட முதல் நாலு கேள்விக்கும் பதில் அதில்தான் இருந்தது.