பைக்கோட செயின், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல் சக்கரம்) நாமளே மாத்தலாம், கொஞ்சம் பொறுமை இருந்தா போதும்

முதல்ல ஒரு விஷயம், செயின் மட்டும் மாத்தி காச மிச்சம் பண்ணாதீங்க. தேஞ்ச பல்லுல புது செயின் போட்டா அதுவும் சீக்கிரம் போயிடும். முன்ன பின்ன ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த கிட்டா சென்னைல ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குற ஜிபி ரோட்டுலயோ புதுப்பேட்டைலயோ கேட்டு வாங்குங்க, பல்லு எண்ணிக்கை பழசோட ஒத்துப்போகுதான்னு அங்கயே பாத்துடுங்க.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு இஞ்சின ஆஃப் பண்ணிடுங்க. முக்கியமா செயின கழட்டுறதுக்கு முன்னாடியே முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்ட லூஸ் பண்ணிடணும், பின் பிரேக்க ஒருத்தர் அழுத்திப் பிடிச்சா தான் அது அசையும், செயின எடுத்துட்டா சும்மா சுத்திட்டே இருக்கும். அப்புறம் செயினோட ரெண்டு முனையையும் சேர்க்குற லாக்க எடுத்து செயின உருவி, முன் ஸ்ப்ராக்கெட்ட மாத்தி, பின் வீல கழட்டி பின் ஸ்ப்ராக்கெட்ட மாத்துங்க, அப்படியே உள்ள இருக்குற ரப்பரும் தேஞ்சிருக்கான்னு பாருங்க.

புது செயின் போடும்போது லாக் கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசைய பாத்து இருக்கணும். இத மாத்திப் போட்டா ஓட்டத்துல கழண்டு, வீலே ஜாம் ஆகலாம், ஓஎம்ஆர் மாதிரி பெரிய ரோட்டு வேகத்துல அது உயிருக்கே ஆபத்துங்க.

ஸ்லாக், அதாவது செயின் மேல கீழ ஆடுற அளவு, பெரும்பாலான வண்டிக்கு 20-30 மிமீ, உங்க மேனுவல்ல உள்ளத வைங்க. வீல சுத்தி நாலஞ்சு இடத்துல பாத்து, டைட்டான இடத்துல அளவு எடுங்க. ஆக்சில் கிட்ட இருக்குற ரெண்டு பக்க மார்க்கும் ஒரே கோட்டுல இருக்கணும். ஆக்சில் நட்ட நல்லா முறுக்கி, செயின் லூப் (செயினுக்கான எண்ணெய்) அடிச்சுட்டு, 500 கிமீ ஓடினதும் ஸ்லாக்க திரும்ப பாருங்க, மழைல ஓட்டினா மறுபடியும் லூப் அடிச்சுடுங்க.