ரயர் காற்று லைற் அணையவே இல்லையா?

பழைய பிக்கப்பில் ரயர் காற்று லைற் எரிந்தால் உடனே காசை எடுத்துக்கொண்டு கராஜுக்கு ஓடாதீர்கள். ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு நிமிசம் போல மின்னி மின்னி அப்புறம் நிலையாக எரிந்தால் பெரும்பாலும் சில்லுக்குள் காற்றை அளக்கும் சென்சரில் கோளாறு, மின்னாமல் எரிந்தால் காற்றுக் குறைவு. விடியக்காலையில், வண்டி எடுக்க முதல், கேஜ் வைத்து நாலு சில்லையும் பாருங்கள். சரியான அளவு சாரதி கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு வெயிலில் ஓடிவந்து பார்த்தால் கூடத்தான் காட்டும்.

சென்சருக்குள் இருக்கும் பற்றறி 5 முதல் 10 வருசம்தான், அதை மட்டும் மாற்ற ஏலாது, சென்சரையே மாற்ற வேண்டும், அதையும் புது ரயர் போடும் நாளில் செய்தால் கழற்றும் கூலி மிச்சம். என்னுடையதில் சென்சர் பூட்டியிருக்கும் வால்வின் அடியே அரித்து வெள்ளையாகப் பூத்துப்போய் இருந்தது. சென்சர் மாற்றும்வரை கிழமைக்கு ஒருக்கா கேஜ்தான்.