‘கிளிமீன் – 38’ என்று எழுதாதீர்கள்

லட்சத்தீவின் பவளப்பாறைகளில் மீன் கணக்கெடுக்கப் புதிதாக வருபவர்களின் எழுதுபலகைகளை மாலையில் வாங்கிப் பார்ப்பேன். சென்ற மாதம் ஒன்றில் ‘கிளிமீன் – 38’ என்றிருந்தது. என் பழைய பலகையை யாரோ திருப்பிக் கொடுத்தது போலிருந்தது. பென்சிலைத் தொலைப்பது, கண்ணாடியில் பனி படிவது எல்லாம் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலையை மட்டும் எண்ணுவது

கிளிமீன்களில் ஸ்கேரஸ் பேரினத்தவை பாறையை மேலாகச் சுரண்டும். குளோரூரஸ் பேரினத்தவை கடித்துப் பெயர்த்துவிடும். கடித்த இடத்தில் வடு நிற்கும். அந்தக் குளோரூரசுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம்! ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் அளந்து 1995இல் வெளியிட்ட கணக்கின்படி, பெரிய இனத்து மீன் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 1,000 கிலோ பாறையை அரைக்கிறது. சிறிய இனமான சோர்டிடஸ் அரைப்பது சுமார் 24 கிலோ. அரைபட்ட பாறை மணலாக வெளியே வரும்.

அந்தக் கணக்கை வைத்தே பெருக்கிப் பாருங்கள். ஒரு பெரியதும் 37 சிறியவையும் என்றால் இரண்டு டன்னுக்குக்கூடக் குறைவு. 37 பெரியவையும் ஒரு சிறியதும் என்றால் 37 டன். பலகையில் இரண்டும் 38தான்!

நான் ஒரு பருவம் முழுவதும் இப்படித்தான் எழுதினேன். ‘இந்தத் திட்டில் ஆண்டுக்கு எவ்வளவு மணல் உருவாகிறது?’ என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. படகு வாடகை, காற்று உருளைகள், வெந்த முதுகு எல்லாம் வீண். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இனத்தையும் நீளத்தையும் சேர்த்தே எழுதுங்கள். நீருக்குள் எல்லாமே பெரிதாகத் தெரியும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட குச்சியோடு இறங்குங்கள். அந்த 38காரரை மறுநாள் அப்படித்தான் அனுப்பினேன். முகம் சுளித்துக்கொண்டே போனார்.

ஊர் மாறிய புத்தகம்

அந்த 1995 ஆய்வில் பெரிய மீனின் பெயர் கிப்பஸ். இன்று கிப்பஸ் என்றால் செங்கடல் மீன் மட்டுமே. ஆஸ்திரேலியாவில் இருப்பது மைக்ரோரைனோஸ். நம் பக்கத்து இந்தியப் பெருங்கடலில் அந்த இடத்தில் இருப்பது ஸ்ட்ராங்கிலோசெஃபாலஸ். பசிபிக் கையேட்டைப் புரட்டிப் பெயர் வைத்தால் இங்கே இல்லாத மீனைப் பதிவு செய்வீர்கள்.

வால் புள்ளி

சோர்டிடஸ் பெண் மீன் வாலடியின் வெளிர்நிறத்தையும் கரும்புள்ளியையும் நினைத்தபோது காட்டும், நினைத்தபோது மறைக்கும். இனத்தை அடையாளம் காண அதை மட்டும் நம்பாதீர்கள்.

இரவில் சளிக்கூட்டுக்குள் உறங்கும் மீன்

தொடாதீர்கள்.