கேஸ் இருந்தால் உதவித்தொகை கிடைக்காதா? சிறையிலிருந்து வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘உன் மேல கேஸ் இருக்கு, ஆபீஸ் பக்கம் போனா வம்பு.’ சேலம் மத்திய சிறையிலிருந்து விடுதலையாகி அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு ஊரில் கிடைக்கிற யோசனை இதுதான். இதைக் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே முடங்கிவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு என எதற்கும் வழக்கு இருப்பது தடையில்லை. வருமானம், வயது, முகவரி இப்படித்தான் பார்ப்பார்கள். மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை 2023 ஜூலையில் நம் தர்மபுரி மாவட்டத் தொப்பூரில்தான் தொடங்கினார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம், நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், மின்சாரம் 3,600 யூனிட் என்று அப்போது வரம்பு சொன்னார்கள். கணவர் ஜெயிலில் இருந்தால் மனைவிக்குக் கிடையாது என்று எங்கும் சொல்லவில்லை.

கேஸ் இருப்பதும் குற்றவாளியாக இருப்பதும் ஒன்றில்லை என்று தர்மபுரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1992இல் சந்தனக்கட்டை கடத்தல் என்று சொல்லி, அரூர் பக்கத்து மலைக்கிராமமான வாச்சாத்தி மக்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கடைசியில் 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தண்டித்தது, அந்த மக்களைக் கொடுமைப்படுத்திய அரசு ஊழியர்கள் 215 பேரை. வழக்கிலிருந்து விடுதலையானவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்காமல் விட்டுவிடுவது இன்னொரு தவறு. வக்கீலிடம் இருக்கும் என்று நம்பி இருந்துவிடுவார்கள், அப்புறம் வக்கீலும் மாறிவிடுவார்.

உண்மையில் ஆளை அலைய வைப்பது வழக்கு இல்லை, செல்போன் நம்பர். மூன்று மாதம் பயன்படுத்தாத சிம் செத்துவிடும். பிறகு அதே நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் அந்தப் பழைய நம்பரோடுதான் இணைந்திருக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட உட்கார்ந்தால் ஓடிபி வராது. உடனே ‘கேஸ் இருக்கிறதால சிஸ்டம் எடுக்கல’ என்று ஒருவர் சொல்வார், வந்தவரும் நம்பிவிடுவார். அதனால் முதல் வேலையாக ஆதார் மையத்துக்கு நேரில் போய்ப் புது நம்பரைப் பதியுங்கள். கைரேகை போதும், வேறு ஆவணம் வேண்டாம். அடுத்தது வங்கி. இரண்டு வருடம் வரவு செலவு எதுவும் இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆதார் நகலோடு கிளைக்குப் போய் கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) கொடுத்தால் திரும்ப உயிர் வரும், அதற்குக் கட்டணம் கிடையாது. இதைச் செய்யாமல் புதிதாக இன்னொரு வங்கியில் கணக்கு தொடங்கி அதிலும் ஆதாரை இணைத்தால், உதவித்தொகை எந்தக் கணக்குக்கு வருகிறது என்றே குழப்பமாகிவிடும்.

ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே இருந்த காலத்தில் பெயர் நீங்கியிருந்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லலாம். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் இந்தப் பெயர்தான் அடிப்படை.

அடுத்து புரோக்கர்கள். ‘ஸ்டேஷன்ல இருந்து நன்னடத்தைச் சான்று வாங்கித் தர்றேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உதவித்தொகைக்கு அப்படி ஒரு சான்று கேட்பதில்லை. வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய்தான்.

இதைவிட ஆபத்தானது பொய் எழுதுவது. கணவர் சிறையில் இருக்கும்போது, ‘கணவனால் கைவிடப்பட்டவர்’ என்று எழுதினால் உதவித்தொகை சீக்கிரம் வரும் என்று சிலர் மனு எழுதித் தருவார்கள். வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தால் பக்கத்து வீட்டிலேயே உடைந்துவிடும். ஏற்கெனவே ஒரு கேஸ், கூடவே இது ஒன்று எதற்கு? உள்ளதை உள்ளபடி சொன்னாலே வழி இருக்கிறது. பெற்றோர் சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு உண்டு. கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. இதைத் தாலுகா ஆபீஸில் போய்க் கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.

வழக்கை மறைப்பதாலேயே சிலர் இழக்கிற உதவியும் உண்டு. சாராய வழக்குகளில் சிக்கி, தொழிலை விட்டுவிட்டவர்களுக்குக் கறவை மாடு வாங்கவோ சிறு கடை வைக்கவோ மறுவாழ்வு நிதி இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் கலால் உதவி ஆணையரிடம் விசாரிக்க வேண்டும். தண்டனை முடித்தவர்களுக்கென்று விடுதலை பெற்ற சிறைவாசிகள் உதவிச் சங்கம் இருக்கிறது, நன்னடத்தை அலுவலர் மூலம் அணுகலாம். இந்த இரண்டுக்கும் பழைய வழக்குதான் தகுதியே! சிறையில் கொடுத்த விடுதலைச் சான்றை வெட்கப்பட்டுக் கிழித்துப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

அரசு வேலை என்றால் கதை வேறு. அந்தப் படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மறைக்கக் கூடாது. மறைத்தால் அதையே காரணமாக வைத்து வேலையைப் பறிக்கலாம் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கை ஒளிக்காமல் சொல்லியிருந்தால் அதன் தன்மையைப் பார்த்து முடிவெடுப்பார்கள். சிறுவனாக இருந்தபோது இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போன வழக்கு பொதுவாகத் தகுதிக் குறைவாகாது, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

யாராவது வாயால் ‘உனக்கு இல்லை’ என்று சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எழுத்தில் பதில் கேளுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கலெக்டரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், எஸ்சி, எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போனில் விசாரிக்க 15100.