பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வாங்கும் முன்

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள், இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் ஒருமுறை ஓட்டி வைத்திருக்கிறார்கள். சில்லென்று இருக்கும்போது எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் தெரிய வேண்டியது.

முதலில் நம்பர். 1985 முதல் 1996 வரை வந்த இந்த 98 சிசி வண்டியின் இன்ஜின், சேசிஸ் எண்களை ஆர்சி புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடம் தேய்த்ததுபோல வழவழப்பாக இருந்தால் விலையே பேசாதீர்கள்.

அடுத்து புகை. இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் லேசாகப் புகையத்தான் செய்யும். சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப்புகை வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்க கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஐடிலிங் ஏறினால், எதிர்ப்புறமுள்ள மேக்னட் பக்க சீல் வழியாகக் காற்று இழுக்கலாம். அப்படியே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். சீல் மலிவுதான், ஆனால் கிளட்ச் பக்கத்துக்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்தக் கூலியையும் கணக்கில் வையுங்கள்.

போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து எத்தனை முறை ஓவர்சைஸ் (பெரிய அளவு) பிஸ்டன் போட்டார்கள் என்று கேளுங்கள், 1.00 மி.மீ. ஓவர்சைஸ் போட்டிருந்தால் அடுத்தது சிலிண்டருக்குள் புது உறை இறக்கும் ஸ்லீவ்தான்.

சென்னைக் கடலோரத்தில் காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கத்து வண்டி என்றால் உப்புக்காற்று தின்றிருக்கும். புது பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் டேங்குக்கு அடியிலும் பேட்டரி பெட்டிக்குக் கீழேயும் டார்ச் அடியுங்கள். டேங்கில் காந்தம் ஒட்டாத இடம், பள்ளத்தை மறைக்கப் பூசிய பட்டி.

15 வருடம் தாண்டிய வண்டி, எனவே ஆர்சி புதுப்பித்திருக்கிறதா பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்காமல் முழுப்பணம் தராதீர்கள்.