செம்மண் தூசியும் கத்திரி வெயிலும்: சூப்பர்சார்ஜர் போட்ட பழைய காருக்கு ஏர் இன்டேக் செய்யும் முறை

சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாட்டிய பழைய காரில், பானெட்டுக்குள் ஒரு கூம்பு ஃபில்டரைத் திறந்தபடி சொருகிவிட்டு அதைக் கோல்ட் ஏர் இன்டேக் (எஞ்சினுக்குச் சூடில்லாத வெளிக்காற்றைக் கொண்டுவரும் அமைப்பு) என்று சொல்லும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். அந்த ஃபில்டர் உறிஞ்சுவது ரேடியேட்டரும் எக்ஸாஸ்டும் துப்புகிற சூட்டை. ஊட்டியில் ஓட்டுகிறவருக்கு அது ஓரளவு தாங்கும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சித்திரை, வைகாசியில் ஓட்டுகிற நமக்குத் தாங்காது. போதாததற்கு இங்கே செம்மண் தூசி வேறு. ஆகவே இந்த வேலையில் பளபளக்கும் பைப் கடைசிதான். ஃபில்டரும் அது உட்காருகிற பெட்டியும் இடுக்கு வழியாகக் காற்றுப் புகாமல் அடைத்திருப்பதுதான் முதல் வேலை, காசையும் அங்கேதான் போட வேண்டும்.

கணக்குக்கு, ஈசுஜு 1.8 லிட்டர் எஞ்சின் உள்ள கான்டெஸாவில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எம்45 பழைய மினி கூப்பர் எஸ் காரில் வந்த அதே சாமான். பூஸ்ட் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏற்றும் அழுத்தம்) 0.4 பார், அதாவது ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ. வெளியே 40 டிகிரி வெயில், பானெட்டுக்குள் 70 டிகிரி. 70 டிகிரிக் காற்றை இழுத்தால் அதன் அடர்த்தி வெளிக்காற்றைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவு, அந்த அளவுக்குச் சக்தியும் போய்விடும். இதைவிடக் கெட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. எம்45 போன்ற ரூட்ஸ் வகை (இரண்டு ரோட்டர்கள் சுற்றிக் காற்றைத் தள்ளும்) சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தும்போது தானும் சூடேற்றும். உள்ளே 40 டிகிரியில் போனது 95, 100 டிகிரி வாக்கில் வெளியே வரும், 70 டிகிரியில் போனது 130 டிகிரியைத் தாண்டும். நுழைவாயிலில் 30 டிகிரி கூடினால் அந்தப் பக்கம் 35 டிகிரிக்கு மேல் கூடுகிறது. இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் சாதனம்) இல்லாத வண்டியில் அந்தச் சூடு அப்படியே சிலிண்டருக்குப் போய் நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாகவே வெடிப்பது) ஆரம்பித்து, பிஸ்டனில் கைவைத்துவிடும்.

சரி, தூசி. சூப்பர்சார்ஜருக்குள் இரண்டு ரோட்டர்களும் ஒன்றையொன்று தொடாமல், மயிரிழை இடைவெளியில் சுற்றுகின்றன. கானாடுகாத்தானுக்கோ பள்ளத்தூருக்கோ உள்ரோட்டில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் போனாலே எவ்வளவு செம்மண் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அது உள்ளே போனால் ரோட்டரின் பூச்சு உரசும், அப்புறம் சிலிண்டர் சுவர். அதனால்தான் எண்ணெய் தடவிய துணி ஃபில்டரை நான் இந்த ஊருக்குச் சொல்வதில்லை. நல்ல அகலமான பேப்பர் ஃபில்டரே போதும், நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் பொதுவாக அதுதான் மேல், பராமரிப்பும் சுலபம். காற்றோட்டம் குறையுமே என்று பயப்பட வேண்டாம், பரப்பளவு இருந்தால் குறையாது.

அதற்குச் சிறந்த வழி, டொயோட்டா இன்னோவா 2.5 டீசல் வண்டியின் ஏர் பாக்ஸை மதுரையிலோ திருச்சியிலோ காயலான் கடையில் மூடி, கிளிப்போடு முழுசாக வாங்கிவிடுவது. டர்போ போட்ட 2.5 லிட்டர் எஞ்சினுக்குக் காற்று கொடுக்கிற ஃபில்டர், நம் 1.8 லிட்டருக்குத் தாராளமாகப் போதும். ஃபில்டர் உட்காரும் விளிம்பைத் தகரத்தில் நாமே மடக்கினால் எங்காவது ஒரு ஓரத்தில் இடுக்கு விடும், கம்பெனி அச்சில் வார்த்த விளிம்பில் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் சூட்டையும் அலுமினியம் அளவுக்குக் கடத்தாது. பெட்டி முழுவதையும் அலுமினியத்தில் செய்தால் பார்க்க அழகாக இருக்கும்தான், ஆனால் என் வாக்கு பிளாஸ்டிக்குக்கே.

காற்று எங்கிருந்து எடுப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால், ஹெட்லைட்டுக்குப் பின்பக்கம், கிரில்லை ஒட்டிய இடம் நல்லது. பம்பருக்குக் கீழே வாயை இறக்கினால் வெயில் காலத்தில் தார் ரோட்டின் அனலையும் தூசியையும் அள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் ஊரணி நிரம்பித் தெருவில் தண்ணீர் நிற்கும்போது அதையும் குடித்துவிடும், தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், எஞ்சின் முடிந்தது. வாய் எப்போதும் பம்பருக்கு மேலேயே இருக்கட்டும். பெட்டியின் அடியில் ஒரு சின்ன வடிகால் ஓட்டை, ஃபில்டருக்கு வெளிப்பக்கமாக.

இடம் முடிவானதும் பழைய காலண்டர் அட்டையை வெட்டி மாதிரி செய்யுங்கள். பானெட்டை மூடிப் பாருங்கள், மூடின பிறகு இடிக்கிறதா என்று தெரிய அட்டை மேல் கொஞ்சம் களிமண் உருண்டை வைத்தால் போதும். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும், அதற்கு எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அப்புறம் அந்த அட்டையை வைத்து 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் பெட்டியைச் சுற்றி ஒரு வெப்பத் தடுப்புச் சுவர் வெட்டிக்கொள்ளுங்கள். மேல் விளிம்பில் கதவு பீடிங் ரப்பரை ஒட்டினால் பானெட் மூடும்போது அதில் அழுந்தி சூடு உள்ளே வராமல் அடைக்கும். பழைய காரின் பாடியில் புது ஓட்டை போடாமல், இருக்கிற போல்ட்டுகளிலேயே பிராக்கெட் பிடிப்பது நல்லது. பின்னாளில் வண்டியைப் பழையபடி ஆக்க நினைத்தால் கைகொடுக்கும்.

பைப்புக்கு 3 அங்குல அலுமினியம். உச்ச வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு அதிகபட்சம் 6000 லிட்டர் காற்று கேட்கும் என்று வைத்தால், 3 அங்குலப் பைப்பில் காற்று வினாடிக்கு 24 மீட்டர் வேகத்தில் போகும், 2 அங்குலத்தில் 55 மீட்டர். இரண்டாவது மூச்சுத் திணறல். வளைவுகள் குறைவாக, அகலமாக இருக்கட்டும். இணைப்புகளுக்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறைக்குப் போங்கள், "அண்ணே, உள்பக்கம் பிசிறு ஒன்றுகூட நிற்கக் கூடாது" என்று சொல்லி, ஒட்டின பிறகு விரலை விட்டுப் பாருங்கள். உதிரும் ஒரு உலோகத் துணுக்கு நேராக ரோட்டருக்குத்தான் போகும். பைப் முனைகளில் சின்ன மேடு வைத்தால் ஹோஸ் நழுவாது. ஹோஸ் நான்கு அடுக்கு சிலிகான், சாதாரண மெல்லிய ரப்பர் உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போகும். வீட்டுத் தண்ணீர்க் குழாயான பி.வி.சி. வேண்டவே வேண்டாம், 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும்.

எஞ்சினின் பிரீதர் குழாயை (உள்ளே சேரும் ஆயில் ஆவியை வெளியே விடும் குழாய்) ஃபில்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில் இணைக்கிறீர்கள் என்றால் இடையில் ஒரு கேட்ச் கேன் (ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா) கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் ஆவி பைப் முழுக்கப் படியும். சூப்பர்சார்ஜருக்கு முன்னால் கார்புரேட்டர் இருக்கிற அமைப்பு என்றால் இன்னும் கவனம்: பேக்ஃபயர் ஆனால், அதாவது தீ சிலிண்டரிலிருந்து பின்னோக்கி வந்தால், பெட்ரோல் கலந்த காற்று முழுதும் தீப்பிடிக்கும். அந்த அமைப்புக்கு மட்டும் பிளாஸ்டிக் பெட்டி கூடாது, உலோகம்தான், அருகில் ஒரு தீயணைப்பு சிலிண்டரும்.

மாட்டுவதற்கு முன்பு பெட்டியையும் பைப்பையும் காரிலிருந்து தள்ளி வைத்து, ஒரு முனையை அடைத்து, மறு முனையில் சாம்பிராணிப் புகையை மெதுவாக ஊதுங்கள். எங்கெல்லாம் புகை கசிகிறதோ அங்கெல்லாம் தூசியும் நுழையும். மாட்டின பிறகு ஃபில்டருக்கு உள்பக்கப் பைப்பில் லேசாக வெள்ளை கிரீஸ் தடவி 200 கி.மீ. ஓட்டித் திறந்து பார்த்தால், செம்மண் நிறம் தெரிகிறதா இல்லையா என்பதிலேயே பதில் இருக்கும். சூட்டுக்கு, வயர் உள்ள இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர்: ஒன்று கிரில்லில், ஒன்று பெட்டிக்குள். குன்றக்குடி ரோட்டில் சீராக ஓடும்போது வித்தியாசம் 5 டிகிரிக்குள் வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். பெரியார் சிலைப் பக்கம் டிராஃபிக்கில் நின்றால் ஏறத்தான் செய்யும். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, சூப்பர்சார்ஜருக்கு முன்னால் ஒரு சின்ன நிப்பிள் வைத்து, தண்ணீர் ஊற்றிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் கட்டி, ஒரு முனையை அந்த நிப்பிளில் மாட்டி, மறு முனையைத் திறந்து விட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து முழு ஆக்ஸிலரேட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்க மட்டத்துக்கும் வித்தியாசம் 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். முன்பக்கம் இழக்கிற அழுத்தம், பின்பக்கம் 1.4 மடங்காகப் பூஸ்டில் குறையும்.

எஞ்சினில் இப்படி மாற்றம் செய்கிறபோது ஆர்.டி.ஓ. அனுமதியையும் ஆர்.சி. பதிவையும் விசாரித்துவிடுங்கள். 50 வருடத்துக்கு மேல் பழைய வண்டியை வின்டேஜாகப் பதிவு செய்ய நினைத்தால், 2021 விதிப்படி அது பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும், அந்த வண்டியில் சூப்பர்சார்ஜரே வேண்டாம்.

ஃபில்டரைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை விடாதீர்கள். கோடையில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை நெருங்கப் பிடித்து அடித்துச் சுத்தம் செய்தால் பேப்பர் கிழியும், கண்ணுக்குத் தெரியாது. அழுக்கானால் புதிது மாற்றிவிடுங்கள், மாற்றும்போது பெட்டியின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ரப்பரைச் சரியாக உட்காரவைத்து கிளிப் போடுங்கள்.