கெல்லி கோட்டைக்குள் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பத்து காஜா ஊரிலேயே வளர்ந்தும், பக்கத்தில் இருக்கும் கெல்லி கோட்டையின் உள்ளே எனக்கு உருப்படியாக ஒரு படம் அமைந்ததில்லை. அதைக் கட்டிய ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் துரை 1926-இல் இறந்ததும் பாதியில் நின்றுபோன கட்டடம். நம் தமிழ் ஆட்களும் வேர்வை சிந்திய செங்கல். வளைவுச் சன்னலுக்கு வெளிச்சம் அளந்தால் அறை கரி. அறைக்கு அளந்தால் சன்னல் வெள்ளை வேட்டி. ஃபிளாஷ் போட்டேன், சுவரின் சொரசொரப்பே காணாமல் போனது.

அப்புறம் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8 என வைத்து, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, இரண்டு ஸ்டாப் இடைவெளியில், அதாவது ஒவ்வொன்றிலும் வெளிச்சம் நான்கு மடங்கு வித்தியாசப்படும்படி, மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் இணைத்தேன். 2 விநாடி டைமர் போட்டதால் கை அதிர்வும் இல்லை. சரி, தூண்கள் ஏன் சாய்ந்தன? கேமராவை அண்ணாந்து பிடித்ததால்தான். மட்டமாக வைத்ததும் நிமிர்ந்துவிட்டன. காலையிலேயே போய்விடுங்கள், சுற்றுலா பஸ்கள் வருமுன்.